ஓர் ஓவியருக்கென ஓர் அருங்காட்சியகம்

(மாணவர்களும் அரசு அலுவலர்களும் கலந்துகொண்ட கூட்டமொன்றில் மத்திய அரசு அலுவலர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வளர்ச்சி என்றவுடன் அணைகளையும் ஆலைகளையும் பள்ளிகளையும் மருத்துவமனைகளையும் நினைப்பது நம் வழக்கம். ஓர் ஓவியக் கூடத்தைப் பற்றி இங்கு பேச வந்திருப்பது உங்களில் சிலருக்கு வியப்பளிக்கலாம். ஆயினும் நிதி ஒதுக்கீட்டுக் கோப்புகளைக் கையாளும் எவரும் என்றேனும் ஒருநாள் இந்தக் கேள்வியைச் சந்தித்தே தீருவர்: "ஒரே ஓவியரின் படைப்புகளுக்காகத் தனியே ஓர் அருங்காட்சியகம் எதற்கு? அதன் செலவை நுழைவுக் கட்டணம் ஈடுகட்டுமா? ஈடுகட்டாதெனில் அதை அரசு ஏன் தாங்க வேண்டும்?"

இக்கேள்வியைக் கேட்பவர் கலைக்குப் பகைவர் அல்லர். பொதுப் பணத்துக்குப் பொறுப்பானவர் கேட்டாக வேண்டிய கேள்வி அது. அதற்குப் பொதுப்படையாக விடை கூறுவதைவிட ஓர் எடுத்துக்காட்டை விரிவாகப் பார்ப்பது பயன் தரும். இமாசலப் பிரதேசத்தில் குலுப் பள்ளத்தாக்கிலுள்ள நக்கர் என்னும் சிற்றூரில் அமைந்த நிக்கலஸ் ரோரிக் ஓவியக் கூடத்தை அதற்காகத் தேர்ந்துகொண்டேன்.

நக்கர் இல்லம்

நிக்கலஸ் ரோரிக் 1874இல் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் பிறந்தவர். சட்டமும் ஓவியமும் ஒருங்கே பயின்றவர். 1913இல் பாரிஸ் நகரில் அரங்கேறிப் பெரும் பரபரப்பை ஏற்படுத்திய, ஸ்திராவின்ஸ்கியின் 'வசந்தத்தின் சடங்கு' என்னும் நாட்டிய நாடகத்துக்கு அரங்கக் காட்சிகளையும் உடைகளையும் அமைத்தவர் இவரே. புரட்சிக்குப் பின் தாய்நாட்டை விட்டு நீங்கி, பின்லாந்து, இங்கிலாந்து, அமெரிக்கா ஆகிய நாடுகளில் வாழ்ந்து, 1923இன் இறுதியில் குடும்பத்துடன் இந்தியாவுக்கு வந்தார். 1925 முதல் 1928 வரை மத்திய ஆசியாவில் நெடும்பயணம் மேற்கொண்டு, அதன்பின் நக்கரில் குடியேறினார். 1947 டிசம்பர் 13ஆம் நாள் அங்கேயே காலமானார். அவர் உடல் எரியூட்டப்பட்ட இடத்தில் ஒரு நினைவுக் கல் நிற்கிறது.

நக்கர், குலு மன்னர்களின் பழைய தலைநகர். பியாஸ் நதியின் இடக்கரைக்கு மேலே, கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,800 மீட்டர் உயரத்தில், தேவதாரு மரங்களுக்கிடையே உள்ளது. ஓவியரின் இல்லம் ஊருக்கும் மேலே சரிவில் நிற்கிறது. அவருடைய இளைய மகனும் தாமே சிறந்த ஓவியருமான ஸ்வெத்தோஸ்லாவ் ரோரிக், 1962இல் அந்த இல்லத்தின் ஒரு பகுதியை ஓவியக் கூடமாக மாற்றினார். 1942இல் நேருவும் இந்திரா காந்தியும் விருந்தினராக வந்து தங்கியதும் இங்கேதான். நாடாளுமன்ற மைய மண்டபத்திலுள்ள நேருவின் உருவப் படத்தை வரைந்தவரும் ஸ்வெத்தோஸ்லாவே.

இல்லத்துக்குச் சற்று மேலே, 'உருஸ்வதி' என்னும் இமாலய ஆராய்ச்சி நிலையத்தின் கட்டடங்கள் உள்ளன. 1928இல் தொடங்கப்பட்ட இந்நிலையம் மலைத் தாவரங்கள், நாட்டு மருந்துகள், மொழிகள், தொல்பொருள்கள் ஆகியவற்றைத் திரட்டி ஆராய்ந்தது. ஓவியரின் தாவர ஆர்வம் வெறும் பொழுதுபோக்கன்று. வறட்சியைத் தாங்கும் புல் வகைகளைத் தேடி அமெரிக்க வேளாண்மைத் துறை 1934-35இல் மஞ்சூரியா, மங்கோலியா பகுதிகளுக்கு அனுப்பிய குழுவுக்குத் தலைமை வகித்தவரும் இவரே.

ஒருவர் படைப்பை ஓரிடத்தில் காண்பதன் பயன்

ரோரிக்கின் ஓவியங்கள் நம் நாட்டில் வேறு இடங்களிலும் உள்ளன. அலகாபாத் அருங்காட்சியகத்தில் அவருக்கென ஒரு கூடம் உண்டு. வாரணாசியிலுள்ள பாரத கலா பவனிலும், திருவனந்தபுரம் ஸ்ரீ சித்ரா கலைக்கூடத்திலும், பெங்களூரிலுள்ள கர்நாடக சித்ரகலா பரிஷத்திலும் அவர் ஓவியங்களைக் காணலாம். அவ்வாறிருக்க நக்கருக்கு ஏன் செல்ல வேண்டும்?

பெரிய அருங்காட்சியகத்தில் ஓவியர் ஒருவர் பலருள் ஒருவர். அங்கு நாம் அறிவது ஒரு காலத்தின் கலைப் போக்கினை. தனி ஓவியரின் காட்சியகத்தில் நாம் அறிவது ஒரு மனிதர் ஒரே பொருளை ஆண்டுக்கணக்கில் எவ்வாறு திரும்பத் திரும்ப நோக்கினார் என்பதனை. ரோரிக் மலைகளை நூற்றுக்கணக்கில் வரைந்தார். அவற்றுள் ஒன்றை மட்டும் தனியே காண்பவர், நீலமும் ஊதாவும் இளஞ்சிவப்பும் கலந்த அந்நிறங்களைக் கற்பனை என்றே கருதுவர். நக்கரில் ஓவியத்தைப் பார்த்துவிட்டு முற்றத்துக்கு வந்து, மாலை வெயிலில் எதிரேயுள்ள பனிமலைத் தொடரை நோக்குபவர் தம் கருத்தை மாற்றிக்கொள்வர். அந்நிறங்களில் பெரும்பகுதி கண்ணால் கண்டவையே என்பது அங்கு விளங்கும். ஓவியத்தையும் அது பிறந்த இடத்தையும் ஒருங்கே வைத்துக் கற்பிக்கும் இவ்வாய்ப்பை எந்தத் தலைநகரின் பெரிய மாளிகையும் அளிக்க இயலாது.

ஆகவே 'தேவைதானா' என்னும் கேள்விக்கு, தேவையே என்பது என் விடை. அடுத்த கேள்வியே கடினமானது. இத்தகைய இடங்கள் எவற்றால் நிலைக்கின்றன, எவற்றால் அழிகின்றன? இதற்கு ரோரிக் குடும்பத்தின் வரலாற்றிலேயே பாடங்கள் உள்ளன.

கடனில் எழுந்த மாளிகை

ரோரிக்குக்கென முதல் அருங்காட்சியகம் தோன்றியது இந்தியாவில் அன்று. நியூயார்க் நகரில், 1923இல். சில ஆண்டுகளில் அதன் ஆதரவாளர்களுக்குப் பெரிய எண்ணம் பிறந்தது. ஹட்சன் நதியை நோக்கிய சாலையில் விண்ணளாவிய கட்டடம் ஒன்றை எழுப்புவது. கீழ்த்தளங்களில் அருங்காட்சியகமும் கலைப்பள்ளியும் இயங்குவது. மேல்தளங்களைக் குடியிருப்புகளாக வாடகைக்கு விட்டு, அவ்வருவாயால் கடனையும் வட்டியையும் அடைப்பது. ஏட்டளவில் குறையில்லாத திட்டம். கடன் பத்திரங்கள் வாயிலாக நிதி திரட்டப்பட்டு, 1929இல் கட்டடம் திறக்கப்பட்டது.

1929ஆம் ஆண்டைப் பற்றிப் பொருளாதார மாணவர்களுக்கு நான் கூற வேண்டியதில்லை. அவ்வாண்டு அக்டோபரில் பங்குச் சந்தை சரிந்தது. வாடகை வருவாய் குன்றியது, வட்டி குன்றவில்லை. 1932இல் கட்டடம் நீதிமன்றம் அமர்த்திய பொறுப்பாளரின் கைக்குச் சென்றது. 1935இல் ஓவியருக்கும் அவருடைய முதன்மை ஆதரவாளருக்கும் இடையே முறிவு ஏற்பட்டது. வழக்குகள் நடந்தன. 1938இல் அருங்காட்சியகம் மூடப்பட்டது.

இதில் கருதத்தக்க மற்றொரு செய்தியும் உண்டு. போர்க் காலத்தில் அருங்காட்சியகங்களையும் கலை நிலையங்களையும் நினைவுச் சின்னங்களையும் காப்பதற்கான பன்னாட்டு உடன்படிக்கை ஒன்றினுக்காக ரோரிக் பல ஆண்டுகள் பாடுபட்டார். அவர் பெயராலேயே வழங்கும் அந்த உடன்படிக்கையில் 1935 ஏப்ரல் 15ஆம் நாள் வாஷிங்டனில் அமெரிக்கக் கண்டங்களைச் சேர்ந்த 21 நாடுகள் கையெழுத்திட்டன. சுதந்திர இந்தியா 1948இல் அதனை ஏற்றது. 1954இல் ஹேக் நகரில் உருவான பண்பாட்டுச் சொத்துப் பாதுகாப்பு உடன்படிக்கைக்கு அது முன்னோடி. உலகின் அருங்காட்சியகங்களைக் குண்டுகளிலிருந்து காக்க வழிகண்ட அதே ஆண்டில், அவர் தம் பெயர் தாங்கிய அருங்காட்சியகத்தைக் கடனுக்கும் வழக்குக்கும் இழந்துகொண்டிருந்தார். அமைதிக் காலத்திலும் கலைச் செல்வத்துக்குப் பகைகள் உண்டு.

நியூயார்க் கதை அத்துடன் முடியவில்லை. 1949இல் அவருடைய அன்பர்கள் அதே நகரில், 107ஆவது தெருவில், ஒரு சாதாரண மாடி வீட்டில் சிறிய ரோரிக் அருங்காட்சியகத்தைத் தொடங்கினர். கட்டணம் வசூலிக்காமல், நன்கொடைகளைக் கொண்டு அது இன்றும் நடைபெறுகிறது. விண்ணளாவிய மாளிகையில் பத்தாண்டுகூட நிலைக்காத காட்சியகம், சிறு வீட்டில் எழுபது ஆண்டுகளுக்கு மேல் நிலைத்துள்ளது. கலைக்கு மாளிகை வேண்டாம் என்பதன்று இதன் பொருள். தாங்கக்கூடிய செலவில் அமைந்த நிறுவனமே நிலைக்கும் என்பதே இதன் பொருள்.

பெங்களூர் தோட்டம்

இரண்டாவது பாடம் நம் நாட்டிலேயே உள்ளது. ஸ்வெத்தோஸ்லாவ் ரோரிக், புகழ்பெற்ற திரைப்பட நடிகை தேவிகா ராணியை 1945இல் மணந்தார். இருவரும் பெங்களூருக்கு அருகே தாதகுணியில் 450 ஏக்கருக்கு மேற்பட்ட பெருந்தோட்டத்தில் வாழ்ந்தனர். நறுமண எண்ணெய் தரும் லினலோ மரங்கள் அங்குப் பயிரிடப்பட்டன. அவர்களுக்குக் குழந்தைகள் இல்லை. 1993 ஜனவரியில் கணவரும் 1994 மார்ச்சில் மனைவியும் காலமாயினர்.

அதன்பின் நிலம் யாருக்கு உரியது என்பது குறித்துப் பூசல்கள் எழுந்தன. கலைப் பொருள்களைக் காத்து அங்கு ஓர் அருங்காட்சியகம் அமைக்கும் நோக்குடன், தோட்டத்தைக் கையகப்படுத்த 1996இல் கர்நாடக அரசு தனிச் சட்டம் இயற்றியது. அச்சட்டம் நீதிமன்றத்தில் எதிர்க்கப்பட்டது. 2011 ஆகஸ்ட் 9ஆம் நாள் உச்ச நீதிமன்றத்தின் அரசியலமைப்பு அமர்வு சட்டம் செல்லும் எனத் தீர்ப்பளித்தது. சொத்துரிமை 1978ஆம் ஆண்டின் 44ஆவது திருத்தத்தால் அடிப்படை உரிமை என்னும் நிலையை இழந்த பின்னர், 300-ஏ பிரிவின் பொருளை விளக்கிய முதன்மையான தீர்ப்புகளில் ஒன்று இது. பொது நோக்கமின்றித் தனியார் சொத்தை அரசு எடுக்க இயலாது என்பதும், இழப்பீடு கோரும் உரிமை அப்பிரிவில் வெளிப்படையாக எழுதப்படாவிடினும் அதனுள் அடங்கியதே என்பதும் இத்தீர்ப்பால் தெளிவாயின. நிர்வாகப் பயிற்சி பெறும் அலுவலர்கள் இதனைக் கட்டாயம் படித்திருப்பர்.

சட்ட மாணவருக்கு இது சிறந்த தீர்ப்பு. அருங்காட்சியக நோக்கில் பார்ப்பவருக்கு இதில் தென்படுவது வேறு: 1996க்கும் 2011க்கும் இடையே பதினைந்து ஆண்டுகள். வழக்கு நடக்கும் காலத்தில் ஈரமும் கரையானும் வாய்தா கேட்டு நிற்பதில்லை.

நக்கரில் நடந்தது இதற்கு மாறானது. ஸ்வெத்தோஸ்லாவ் தம் வாழ்நாளிலேயே, 1990களின் தொடக்கத்தில், பன்னாட்டு ரோரிக் நினைவு அறக்கட்டளை ஒன்றை அமைத்து இல்லத்தை அதனிடம் ஒப்படைத்தார். இமாசலப் பிரதேச அரசும் ரஷ்யத் தூதரகமும் அதில் பங்குகொண்டன. ஒரே குடும்பம், ஒரே காலம். வாழ்நாளில் ஏற்பாடு செய்யப்பட்ட இல்லம் காட்சியகமாகத் தொடர்ந்தது. ஏற்பாடு தெளிவாக அமையாத தோட்டம் நீதிமன்றத்துக்குச் சென்றது. மாஸ்கோவுக்கு அவர் அளித்த ஓவியங்களின் கதையும் எளிதாக முடியவில்லை. அங்கு அவற்றை வைத்திருந்த தனியார் அமைப்புக்கும் அரசுக்கும் இடையே நீண்ட வழக்குகள் நடந்தன. 2017இல் அரசு அருங்காட்சியகம் கட்டடத்தைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது.

சட்டம் செய்வதும் செய்யாததும்

இந்நிலையில் சிலர், "ரோரிக் ஓவியங்கள் தேசியக் கலைச் செல்வங்கள் ஆயிற்றே, சட்டம் காக்காதா?" என வினவலாம். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள்கள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டம் 1976இல் நடைமுறைக்கு வந்தது. நூறாண்டு நிறையாத கலைப் படைப்புகளையும், அவற்றைப் படைத்தவர் உயிருடன் இல்லாவிடில், கலைச் செல்வம் என அறிவிக்கும் அதிகாரம் அதன்படி மத்திய அரசுக்கு உண்டு. ரவீந்திரநாத் தாகூர், அம்ரிதா ஷேர்கில், ஜாமினி ராய், நந்தலால் போஸ், ரவிவர்மா, அவனீந்திரநாத் தாகூர், ககனேந்திரநாத் தாகூர், சைலோஸ் முகர்ஜி ஆகியோரின் படைப்புகளுடன் ரோரிக்கின் படைப்புகளும் இவ்வாறு அறிவிக்கப்பட்டுள்ளன. இவற்றைத் தனியார் எவரும் வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்ய இயலாது.

இச்சட்டம் ஓவியம் நாட்டை விட்டு வெளியேறுவதைத் தடுக்கிறது. நாட்டுக்குள்ளேயே, ஒழுகும் கூரையின் கீழ் அது அழிவதை அதனால் தடுக்க இயலாது. அதனைத் தடுப்பது ஆண்டுதோறும், மாதந்தோறும், நாள்தோறும் நடைபெற வேண்டிய பராமரிப்பு.

தொடர் செலவு என்னும் பிரச்சினை

அப்பராமரிப்பு எவற்றைக் கொண்டது? ரோரிக் பெரும்பாலும் டெம்பரா வண்ணங்களால் வரைந்தவர். அவ்வண்ணங்களின் மேற்பரப்பு ஈரத்தால் கெடும். தூசியைத் துணியால் துடைத்துவிட இயலாது. நீர்வண்ண ஓவியங்கள் மீது 50 லக்ஸ் அளவுக்கும், டெம்பரா, எண்ணெய் வண்ண ஓவியங்கள் மீது சுமார் 200 லக்ஸ் அளவுக்கும் மேற்பட்ட ஒளி படலாகாது என்பது அருங்காட்சியகத் துறையில் ஏற்கப்பட்ட வரம்பு. சன்னல் வழியே நேராக விழும் வெயில் இதனைப் பன்மடங்கு விஞ்சும். மழைக்காலத்தில் ஈரம் மிகுந்தும், குளிர்காலத்தில் அறைகளைச் சூடேற்றுவதால் காற்று உலர்ந்தும் போகும் மலையூரில், இவ்வேறுபாடே ஓவியத்துக்குப் பெரும் ஊறு. ஆகவே திரைச்சீலை, ஈரமானி, கூரைப் பழுது, காவலர், பதிவேடு, பயிற்சி பெற்ற பாதுகாப்பாளரின் வருகை என்று செலவுகள் நீளுகின்றன. இவற்றுள் எதற்கும் திறப்பு விழா கிடையாது.

இங்குதான் நம் நிதி நிர்வாகத்தின் பழைய குறைபாடு ஒன்று வெளிப்படுகிறது. திட்டச் செலவு, திட்டம் சாராச் செலவு என்ற பிரிவினை நடப்பிலிருந்த காலத்தில், புதிய கட்டடம் திட்டச் செலவில் சேர்ந்து எளிதில் ஒப்புதல் பெறும். அதைப் பராமரிப்பது திட்டம் சாராச் செலவில் சேர்ந்து, சிக்கன ஆணை வரும்போதெல்லாம் முதலில் வெட்டுண்ணும். 2017-18ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்திலிருந்து அப்பிரிவினை நீக்கப்பட்டு, வருவாய்ச் செலவு, மூலதனச் செலவு என்னும் பிரிவினை மட்டும் நிலைபெற்றது. இது வரவேற்கத்தக்க மாற்றம். எனினும் மூலதனச் செலவு மட்டுமே ஆக்கமானது, வருவாய்ச் செலவு சுமை என்னும் மனப்பாங்கு மாறினாலன்றிப் பயன் முழுமை பெறாது. ஓவியக் கூடத்தைப் பொறுத்தவரை, கூரையைச் செப்பனிடும் வருவாய்ச் செலவே உண்மையில் மூலதனத்தைக் காக்கும் செலவு.

நுழைவுக் கட்டணத்தால் இச்செலவை ஈடுகட்டலாமா? பத்துப் பேர் வந்தாலும் நூறு பேர் வந்தாலும் காவலர் சம்பளமும் கூரைப் பழுதும் ஏறத்தாழ ஒன்றே. கூடுதலாக ஒருவர் பார்ப்பதால் ஆகும் செலவு மிகச் சிறிது. அத்தகைய பொருளுக்குக் கட்டணத்தை உயர்த்தினால், வருவாய் சிறிது கூடுவதற்காக மாணவர்களையும் ஏழைகளையும் இழப்போம். ஓவியங்களின் அச்சுப் படிகளை விற்கலாம் என்பர். காப்புரிமைச் சட்டப்படி ஓவியர் மறைந்து அறுபது ஆண்டுகள் கழிந்தபின் அவர் படைப்புகள் பொதுவுடைமையாகின்றன. ரோரிக்கைப் பொறுத்தவரை 2007ஆம் ஆண்டுடன் நம் நாட்டில் அக்காலம் முடிந்தது. எவரும் அச்சிட்டு விற்கலாமாதலால் அதனை நம்பியிருக்க முடியாது. சுற்றுலா வளர்ச்சியால் குலு, மணாலி விடுதிகளும் கடைகளும் வாகனங்களும் பெறும் வருவாயில் இத்தகைய காட்சியகங்களுக்கும் பங்குண்டு. ஆனால் அப்பங்கு காட்சியகத்தின் கணக்கில் வரவாக ஏறுவதில்லை. இக்காரணங்களாலேயே பொது நிதி இதற்குத் தேவைப்படுகிறது.

செய்யத்தக்கவை

ரோரிக் மட்டுமல்லர், சென்னையில் பணியாற்றி 1977இல் மறைந்த கே.சி.எஸ். பணிக்கருக்குத் திருவனந்தபுரத்திலும், கே. வெங்கடப்பாவின் பெயரால் பெங்களூரிலும் காட்சியகங்கள் உள்ளன. வெங்கடப்பா கூடத்தைத் தனியார் அறக்கட்டளையிடம் ஒப்படைக்கும் முயற்சிக்கு எதிராக 2016இல் ஓவியர்கள் திரண்டு போராடியதை அறிவீர்கள். இன்னும் பல ஓவியர்களின் இல்லங்கள் நாளை இக்கோரிக்கையுடன் அரசின் வாயிலில் நிற்கும். அப்போது கோப்பைக் கையாள்பவர்கள் நான்கு செய்திகளைக் கருத வேண்டுகிறேன்.

முதலாவது, கொடையை ஓவியரோ வாரிசோ உயிருடன் இருக்கும்போதே, முழுமையான பட்டியலுடனும் பதிவு செய்த ஆவணத்துடனும் பெற வேண்டும். அரசு மேற்கொள்ளும் கடமைகளும் அதே ஆவணத்தில் இடம்பெற வேண்டும்.

இரண்டாவது, கதவைத் திறக்குமுன் வைப்பு நிதியை ஏற்படுத்த வேண்டும். இதில் கணக்குப் பிழை எளிதில் நேரும். ஓர் எடுத்துக்காட்டு கூறுகிறேன். ஆண்டுச் செலவு 30 லட்சம் ரூபாய், வட்டி 7 விழுக்காடு என்று கொள்வோம். நாலேகால் கோடியும் சற்றும் போதுமெனத் தோன்றும். விலைவாசி ஆண்டுக்கு 4 விழுக்காடு உயருமாயின் மெய்யான வருவாய் 3 விழுக்காடே. தேவைப்படுவது 10 கோடி. முதல் கணக்கை நம்பித் தொடங்கிய நிறுவனம், சில ஆண்டுகளில் முதலில் பாதுகாப்பாளரையும், பின்னர் இரவுக் காவலரையும் நிறுத்த நேரும்.

மூன்றாவது, ஒவ்வொரு சிறு காட்சியகமும் தனக்கென வல்லுநரை அமர்த்த இயலாது. 1976இல் லக்னோவில் அமைக்கப்பட்ட பண்பாட்டுச் சொத்துப் பாதுகாப்புக்கான தேசிய ஆராய்ச்சிக் கூடம் போன்ற நிறுவனங்களின் உதவியுடன், ஒரு வட்டாரத்திலுள்ள பல காட்சியகங்களுக்குப் பொதுவாக ஒரு பாதுகாப்பாளர் முறைப்படி வந்துபோகச் செய்யலாம்.

நான்காவது, பட்டியலிலுள்ள ஒவ்வோர் ஓவியத்தின் அளவும் நிலையும் நிழற்படத்துடன் பதிவாகி, ஆண்டுக்கு ஒருமுறை நேரில் சரிபார்க்கப்பட வேண்டும். கருவூல இருப்பைச் சரிபார்ப்பதற்கு நாம் காட்டும் கண்டிப்பில் பாதியை இதற்குக் காட்டினாலும் போதும்.

மாணவ நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். விடுமுறையில் மணாலி செல்வோர் பலர், நக்கரை வழியில் பெயர்ப்பலகையாக மட்டுமே காண்கின்றனர். அரைநாள் ஒதுக்கி அந்த இல்லத்துக்குச் செல்லுங்கள். ஓவியங்களைப் பார்த்து முடித்தபின், கூரையையும் சன்னல் திரைகளையும் பதிவேட்டையும் காவலரையும் சற்றுக் கவனியுங்கள். பார்வையாளர் குறிப்பேட்டில் மலைகளின் அழகைப் பற்றி எழுதுவோர் பலர் இருப்பர். பராமரிப்பில் நீங்கள் கண்ட நிறைகுறைகளையும் இரண்டு வரியில் எழுதுங்கள். நிதி கேட்டுக் கோப்பு எழுதுபவருக்கு அந்த வரிகள் சான்றாகப் பயன்படும்.